இயங்குவது யார், இயக்குவது யார்?

வேப்பம்பட்டு ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில் ஒரு மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் எடுக்கிறார்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ, பத்தாவது பாஸ் அல்லது ஃபெயில். கம்பெனி பஸ் உண்டு. ஒரு வேளைச் சாப்பாடு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில், தமிழ் லிபியிலேயே, 'டைனமிக்கான இளைஞர்கள் தேவை'. எங்கள் தெருப் பையன் ஒருவன் அதைப் படித்துக்கொண்டு நின்றான். பத்தொன்பது, இருபது வயசிருக்கும். என்னைப் பார்த்ததும் கேட்டான்: "சார், டைனமிக்னா இன்னா சார்?"

நான் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை என்பதுதான் நிஜம். நாற்பது வருஷமாகச் சிறுபத்திரிகை படிக்கிறவன், அந்தச் சொல்லை நூற்றுக்கணக்கான தடவை கடந்து வந்தவன், சில தடவை நானே எழுதியும் தொலைத்தவன். "சுறுசுறுப்பா இருக்கணும்ப்பா" என்று ஏதோ சொல்லிவிட்டு வண்டியைப் பிடிக்க ஓடினேன். கைப்பையில் நம் பத்திரிகையின் போன இதழ் இருந்தது. பேசின் பிரிட்ஜ் வருவதற்குள் அதில் வெளியான நீண்ட விமர்சனக் கட்டுரையைப் படித்து முடித்தேன். அந்தச் சொல் அதில் பதினொரு இடத்தில் வருகிறது. எண்ணினேன்.

அந்தக் கட்டுரையின் சாரம் இதுதான்: இன்றைய தமிழ்க் கவிதை டைனமிக்காக இல்லை. அது நின்றுபோன படிமங்களின் அடுக்கு. வாழ்க்கை மாறிக்கொண்டிருக்கிறது, கவிதை மாறவில்லை. எனவே கவிதைக்கு ஒரு புதிய டைனமிக்ஸ் தேவை. பதினொரு இடத்திலும் சொல்லை அடித்துவிட்டு 'நல்ல' என்று எழுதிப் பார்த்தேன். ஒரு வாக்கியம்கூடக் கெடவில்லை. விமர்சகர் தமக்குப் பிடித்ததை டைனமிக் என்கிறார், பிடிக்காததை டைனமிக் அல்ல என்கிறார். மின்கம்பத்தில் நோட்டீஸ் ஒட்டிய லேபர் காண்ட்ராக்டரும் இதையேதான் செய்திருக்கிறார். அவரிடம் அர்த்தம் கேட்க நமக்கு உரிமை இல்லாமல் போகலாம். விமர்சகரிடம் கேட்கலாம். கேட்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான் தனித்தமிழ்க்காரன் அல்ல. ஆங்கிலச் சொல் தமிழில் நுழைந்துவிட்டது என்று மார்பில் அடித்துக்கொள்ள நான் வரவில்லை. இதே குடும்பத்தைச் சேர்ந்த 'டைனமோ' என்ற சொல் நம் ஊர்களில் இரண்டு தலைமுறைக்கு எந்தக் குழப்பமும் இல்லாமல் இருந்தது. சைக்கிள் டைனமோவை நினைத்துப் பாருங்கள். பின்சக்கரத்தின் டயரில் உரசுகிற சிறிய உருளை. அதை டயரோடு சேர்த்து அழுத்திவிட்டால் முன்னால் விளக்கு எரியும். ஆனால் அந்தக் கணமே மிதி கனக்கும். வேகம் குறைந்தால் வெளிச்சம் மங்கும், நின்றால் அணையும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்பதை எந்த விஞ்ஞான வாத்தியாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. கால் சொன்னது. இப்படி ஒரு பொருளோடும் ஒரு வலியோடும் வந்த சொல் எந்த மொழியிலிருந்து வந்தால் என்ன? வரவேற்கிறேன். என் சண்டை பொருளும் வலியும் கழன்றுபோன சொல்லோடுதான்.

கழன்றுபோனதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. இச்சொற்களுக்கெல்லாம் மூலம் கிரேக்கத்தின் 'டுனாமிஸ்'. வல்லமை, இயலுகை என்று பொருள். அரிஸ்டாட்டில் இதைத் தம் தத்துவத்தின் மையத்தில் வைத்தார். அவருக்கு டுனாமிஸ் என்பது செயல் அல்ல, செயலுக்கு முந்திய இயலுகை. விதைக்குள் மரம் இருக்கிற மாதிரி. அதைவிட முக்கியமான இன்னொன்றையும் அவர் சொன்னார். மெய்யியலில் ஒன்பதாம் புத்தகத்தின் தொடக்கத்தில் இரண்டு வகை டுனாமிஸைப் பிரிக்கிறார். ஒன்று, வேறொன்றை மாற்றுகிற வல்லமை. மற்றது, வேறொன்றால் மாற்றப்படுகிற வல்லமை. நெருப்புக்கு எரிக்கிற வல்லமை உண்டென்றால் எண்ணெய்ப் பசையுள்ள பொருளுக்கு எரிகிற வல்லமை உண்டு. செய்வதும் ஆற்றல், படுவதும் ஆற்றல்.

1695இல் லைப்னிட்ஸ் இயக்கத்தை ஆளும் விசைகளைப் பற்றிய தம் கட்டுரைக்கு இந்தச் சொல்லிலிருந்தே பெயர் வைத்தார். பொருள் என்பது வெறும் நீள அகலம் மட்டும்தான் என்ற டெகார்ட்டேயின் கட்சிக்கு மறுப்பு அது. அவரும் செய்யும் விசை, படும் விசை என்று இரண்டையும் விடாமல் வைத்திருந்தார். பிறகு 1867. அந்த ஒரே வருஷத்தில் ஆல்ஃபிரட் நோபல் தம் வெடிமருந்துக்கு டைனமைட் என்று பெயரிட்டுக் காப்புரிமை வாங்கினார். வெர்னர் சீமென்ஸ் தம் மின்னாக்கப் பொறியை பெர்லின் அகாதமியின் முன் வைத்தார். ஒன்று மலையைப் பிளந்தது, மற்றொன்று விளக்கை எரித்தது. அப்போதிலிருந்து இந்தச் சொல்லுக்குச் செய்கிற பாதி மட்டும்தான் ஞாபகம் இருக்கிறது. படுகிற பாதி மறந்துபோயிற்று. பிளந்த மலை, கனத்த மிதி எல்லாம் சொல்லுக்கு வெளியே போய்விட்டன. தொழிற்சாலையிலிருந்து நிர்வாகப் பாடப் புத்தகத்துக்கும், அங்கிருந்து வேலை விளம்பரத்துக்கும் வந்து சேர்ந்தபோது சொல்லில் மிச்சமிருந்தது பளபளப்பு மட்டுமே.

தமிழில் நாம் இதை எப்படி வாங்கிக்கொண்டோம்? இங்கேதான் என் ஆத்திரம் ஆரம்பிக்கிறது.

'இயக்கவியல்' என்று ஒரு சொல் செய்தோம். பள்ளிக்கூடத்துப் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். இரண்டாவது அலகு இயக்கவியல். ஒரு பொருள் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகத்தில், எந்தத் திசையில் போகிறது என்பதை மட்டும் சொல்கிற பாடம். ஏன் போகிறது, எந்த விசை தள்ளுகிறது என்று அது கேட்பதில்லை. இந்தத் துறைக்கு ஆம்பியர் 1834இல் கினெமாட்டிக்ஸ் என்று தனியாகப் பெயர் வைத்ததே, விசையைக் கேட்கிற டைனமிக்ஸிலிருந்து அதைப் பிரித்துக் காட்டத்தான். ஆனால் அதே வகுப்பில் சில அலகுகள் தள்ளி 'வெப்ப இயக்கவியல்' வருகிறது. அங்கே அதே சொல் டைனமிக்ஸுக்கு நிற்கிறது. பையன் புத்தகத்தை மூடிவிட்டு அரசியல் வகுப்புக்குப் போனால் அங்கே 'இயக்கவியல் பொருள்முதல்வாதம்' காத்திருக்கிறது. இது டயலெக்டிக்ஸ். ஆக, காரணத்தைக் கேட்காத சாஸ்திரத்துக்கும், காரணத்தைக் கேட்கிற சாஸ்திரத்துக்கும், முரண்களின் மோதலைப் பேசுகிற தத்துவத்துக்கும் நம்மிடம் இருப்பது ஒரே சொல்.

மார்க்ஸிய மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்வது சுலபம். அது நியாயமாகாது. டயலெக்டிக்ஸ் என்பது இயற்கை, சமூகம், சிந்தனை மூன்றிலும் நிகழும் இயக்கத்தின் பொது விதிகளைப் பற்றிய விஞ்ஞானம் என்ற கருத்தில் ஏங்கெல்ஸே எழுதியிருக்கிறார். அதை வைத்துக்கொண்டு இயக்கவியல் என்றார்கள், இயங்கியல் என்றார்கள். ஆனால் கிரேக்க மூலத்தில் அந்தச் சொல் உரையாடலிலிருந்து பிறந்தது. இருவர் எதிரெதிராக உட்கார்ந்து ஒருவர் சொல்வதை மற்றவர் மறுப்பதில் பிறந்தது. தமிழாக்கத்தில் எதிரே உட்கார்ந்தவர் காணாமல் போனார். இயக்கம் மட்டும் மிஞ்சியது. முரணியக்கம் என்று எழுதியவர்கள் அந்த எதிராளிக்குக் கொஞ்சம் இடம் கொடுத்தார்கள். ஆனால் கூட்டங்களிலும் துண்டறிக்கைகளிலும் இயக்கவியல் என்பது, எல்லாம் மாறிக்கொண்டே இருக்கிறது என்ற பொத்தாம்பொதுவான ஆறுதலாகிவிட்டது. எல்லாம் மாறும் என்று சொல்ல மார்க்ஸ் எதற்கு? எங்கள் தெருக் கிழவிகளே போதும்.

இனி நான் சொல்ல வந்த விஷயம். தமிழில் 'இயங்கு' என்றும் 'இயக்கு' என்றும் இரண்டு வினைகள் உண்டு. தானே நகர்வது இயங்குவது, பிறிதொன்றை நகர்த்துவது இயக்குவது. திருந்து, திருத்து. ஆடு, ஆட்டு. மாறு, மாற்று. உருள், உருட்டு. நம் மொழியில் நூற்றுக்கணக்கில் இப்படி ஜோடிகள் இருக்கின்றன. பள்ளி இலக்கணம் இவற்றைத் தன்வினை, பிறவினை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். கு. பரமசிவம் இந்த ஜோடிகளை ஆராய்ந்து 1979இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே வெளியிட்டார். தமிழில் இவற்றைப் பற்றி எழுதும்போது அவர் ஆள்கிற பெயர்கள் 'இயங்குவினை', 'இயக்குவினை'. தமிழ் வினைகளின் இந்த அடிப்படைப் பிரிவுக்குப் பெயர் தேடியவருக்கு இந்த இரண்டு சொற்கள்தான் கைகொடுத்தன.

தமிழில் வினைச்சொல்லை வாயில் எடுத்தால் ஒரு கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்: அது தானாக நடந்ததா, யாராவது நடத்தினார்களா? மரம் சாய்ந்ததா, சாய்த்தார்களா? ஏரி தூர்ந்ததா, தூர்த்தார்களா? ஆங்கிலத்தில் இப்படிப்பட்ட பல இடங்களில் ஒரே வினை இரண்டுக்கும் போதும். பொருளும் மாறும், மனிதனும் பொருளை மாற்றுவான், சொல் ஒன்றேதான். தமிழ் அந்தச் சௌகரியத்தைத் தருவதில்லை. இது நம் மொழியின் பெருமை என்று நான் சொல்லவில்லை. மொழிப் பெருமை பேசுகிற கூட்டம் இங்கே ஏற்கெனவே அதிகம். இது ஒரு நிர்ப்பந்தம். அவ்வளவுதான். விமர்சனத்துக்கு இந்த நிர்ப்பந்தம் உதவும் என்பது என் கட்சி.

ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வினையைக் கைவிட்டுப் பெயர்ச்சொல்லுக்குத் தாவுகிறோம். இயங்குவதற்கும் இயக்கம், இயக்குவதற்கும் இயக்கம். மாறுவதற்கும் மாற்றம், மாற்றுவதற்கும் மாற்றம். பெயரான உடனே கேள்வி மறைந்துவிடுகிறது. 'சமூக மாற்றம்' என்று எழுதுகிறவர் சமூகம் மாறியது என்கிறாரா, மாற்றினார்கள் என்கிறாரா? தேர்தலுக்குத் தேர்தல் சுவரெல்லாம் மாற்றம் என்று எழுதுகிறார்கள். எழுதுகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் மிகவும் சௌகரியமானது. மாறினால் தங்கள் சாதனை, மாறாவிட்டால் காலத்தின் கோளாறு. அரசாங்கத் தமிழுக்கு இதற்கும் மேல் ஒரு வழி தெரியும். சிறப்பு ரயில் 'இயக்கப்படும்', பேருந்துகள் கூடுதலாக 'இயக்கப்படும்'. இயக்குகிறவர் வாக்கியத்தில் இல்லை. வண்டி வராத நாளில் பிளாட்பாரத்தில் நிற்கிறவனுக்குத்தான் அந்த வெற்றிடம் எவ்வளவு பெரியது என்று தெரியும்.

2023ஆம் வருஷம் ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் ஒன்று நிறைவேறியது. ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி விடுகிற திருத்தம். எதிர்ப்புக் கிளம்பியது. சில நாளில் நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். அந்த விவாதத்தில் ஆதரவாளர்கள் வாயில் புழங்கிய சொல் நெகிழ்வுத்தன்மை. வேலை நேரத்தில் நெகிழ்வு. நல்ல சொல்தான், மென்மையான சொல். ஆனால் தமிழ் வினையைக் கொண்டு கேட்டுப் பாருங்கள்: நெகிழ்வது யார், நெகிழ்த்துவது யார்? கேட்ட மாத்திரத்தில் சொல்லின் மென்மை போய்விடுகிறது. நெகிழ வேண்டியது இரவு ஷிப்ட்டுக்குப் போகிறவனின் முதுகெலும்பு.

இயக்கம் என்ற சொல் மனிதர்களை அள்ளிக்கொண்டு போனதும் நம் காலத்தில் நடந்திருக்கிறது. 1925இல் சுயமரியாதை இயக்கம் என்று சொன்னபோது சொல்லில் இரண்டு அர்த்தமும் உயிரோடு இருந்தன. தாமே அசைந்தவர்களும் இருந்தார்கள், அசைக்கப்பட்டவர்களும் இருந்தார்கள், அதைப் பற்றிச் சண்டை போட மேடையும் இருந்தது. ஈழத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு கனம் வந்தது. 'இயக்கம்' என்றால் அங்கே எல்லோருக்கும் புரியும், எது என்று கேட்பது சில காலங்களில் ஆபத்து. 'இயக்கத்துக்குப் போனான்' என்று தாய்மார்கள் சொன்னார்கள். யுத்தத்தின் கடைசி வருஷங்களில், வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கட்டாயமானபோது, 'பிடிச்சுக்கொண்டு போனாங்கள்' என்றார்கள். போனான், கொண்டுபோனார்கள். இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் இருக்கிற தூரத்தை இயக்கம் என்கிற பெயர்ச்சொல் ஒருபோதும் சொல்லாது. வினைச்சொல் சொன்னது. அந்தத் தாய்மார்கள் எந்த விமர்சகரையும்விடத் துல்லியமாகப் பேசினார்கள்.

இங்கே ஒரு ஆட்சேபம் வரும். அரசியலை விடுங்கள், கவிதைக்கு இது எதற்கு? டைனமிக் என்று விமர்சகர் சொன்னது கவிதையின் உள்ளோட்டத்தை, அதன் துடிப்பை. அதைப் போய் இலக்கண வகுப்பாக்குவதா? என் பதில் இது. துடிப்பு என்றால் துடிப்பு என்று சொல்லட்டும். பிறகு, எது துடிக்கிறது, எந்த வரியில் துடிக்கிறது என்று காட்டட்டும். அதைக் காட்டாமல் தப்பிப்பதற்காகத்தான் டைனமிக் பயன்படுகிறது. போன இதழ்க் கட்டுரையில் ஒரு கவிஞரின் மேல் வைத்த குற்றச்சாட்டு, அவர் கவிதைகளில் யாரும் எதுவும் செய்வதில்லை, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள், காத்திருக்கிறார்கள் என்பது. எனவே ஸ்தம்பித்த கவிதை. எனவே டைனமிக் அல்ல.

இது விமர்சனம் என்றால் தமிழின் ஐந்து திணைகளில் முல்லையை இன்றைக்கே எரித்துவிடலாம். முல்லையின் உரிப்பொருள் இருத்தல். புணர்தல், பிரிதல், ஊடல், இரங்கல் என்பவற்றுக்குச் சமமாக இருத்தலையும் நம் இலக்கண மரபு ஒரு வினையாக, ஒரு ஒழுக்கமாக வைத்தது. போனவன் வருகிற வரையில் இருப்பது. மழைக்காலம் வந்துவிட்டது, அவன் வரவில்லை, அவள் இருக்கிறாள். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு அங்கே அசைவு எதுவும் இல்லை. ஆனால் அத்தனை விசையும் அங்கேதான் இறங்கியிருக்கிறது. பிரிந்து போகிறவனின் இயக்கம் இருப்பவளின் மேல் நடக்கிறது. அரிஸ்டாட்டிலின் இரண்டாவது பாதி, படுகிற வல்லமை, இதுதான். மேற்கே அந்தப் பாதி சொல்லிலிருந்து உதிர்ந்துவிட்டது என்பதற்காக நாமும் உதறிவிட வேண்டுமா?

நம் சொல்லில் அது உதிரவே இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை. 'ஆற்றல்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறோம். இயற்பியல் புத்தகத்தில் அது எனர்ஜி. ஆனால் ஆற்றுவது என்பது செய்வது மட்டுமல்ல. பொறுப்பதும் ஆற்றுவதுதான். துக்கத்தை ஆற்றுகிறோம், டீயை ஆற்றுகிறோம். முடியாதபோது ஆற்றாமை என்கிறோம். ஈகை அதிகாரத்தில் வள்ளுவர் பசியைப் பொறுக்கிறவரின் ஆற்றலையும், அந்தப் பசியை மாற்றுகிறவரின் ஆற்றலையும் அடுத்தடுத்து நிறுத்தி, முதலாவது இரண்டாவதற்குப் பின்னால்தான் என்று தீர்ப்புச் சொல்கிறார். கவனியுங்கள், பொறுப்பதை அவர் சோம்பல் என்று தள்ளவில்லை. அதற்கும் ஆற்றல் என்றே பெயர் கொடுத்து, அதற்கு மேல் மாற்றுவதை வைத்தார். எதைச் செய்கிறார்கள், எதைப் படுகிறார்கள், எது பெரிது என்று மூன்றையும் பிரித்துச் சொல்ல முடிந்த மொழியில் இருந்துகொண்டு நாம் டைனமிக், டைனமிக் என்று தாளம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மாவட்டத்துக் கடலோரத்தைப் பார்த்தால் இது இலக்கண விவகாரம் மட்டுமல்ல என்று தெரியும். எண்ணூர் அனல் மின் நிலையம் 1970இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. பக்கத்தில் வட சென்னை அனல் மின் நிலையம் இருக்கிறது. அதன் சாம்பல் குழாய்களிலிருந்து கசிந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் படிந்தது. மீனவர்கள் வருஷக்கணக்கில் புகார் சொன்னார்கள். நகரத்துக்குப் போனது ஒரு ஆற்றல். கழிமுகத்தில் வலையைக் கழுவிக்கொண்டிருந்தவர்களிடம் இருந்தது இன்னொரு ஆற்றல். முன்னதைப் புத்தகம் மெகாவாட்டில் எண்ணும். பின்னதை எண்ண அளவை இல்லை. அதைச் சொல்ல வேண்டியது இலக்கியம். இலக்கியத்தைப் பார்த்து 'உன்னிடம் டைனமிக்ஸ் இல்லை' என்று சொல்கிற விமர்சகர் மெகாவாட்டின் கட்சியில் போய் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கே அது தெரியாது என்று நினைக்கிறேன். அதுதான் எனக்கு அதிக பயம்.

நான் கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. தடை கேட்கவில்லை, கலைச்சொல் குழு கேட்கவில்லை. கலைச்சொல் குழுக்கள் கூடி டைனமிக்குக்கு இன்னொரு பெயர்ச்சொல் செய்தால் அதையும் நாம் இதே மாதிரி மழுங்கடித்துவிடுவோம். இயக்கம் என்று எழுதுகிற ஒவ்வொரு இடத்திலும் எழுதுகிறவர் ஒரு நிமிஷம் நின்று அதை வினையாக்கிப் பார்க்கட்டும். இயங்கியதா, இயக்கினார்களா? மாறியதா, மாற்றினார்களா? இரண்டும் என்றால் எது முதலில், எது யார்மேல்? பதில் வந்தால் வாக்கியம் நிற்கும். வராவிட்டால் அந்த வாக்கியத்தில் ஒன்றும் இருக்கவில்லை என்று அர்த்தம். அடித்துவிடலாம்.

அந்தப் பையன் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். சேர்ந்து இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில் நிலையத்துக்கு வெளியே டீக்கடையில் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடித்துவிட்டுக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தான். பெஞ்சு காலியாக இருந்தும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்றான். வேலை எப்படிப்பா என்று கேட்டேன்.

"மெஷின் பக்கத்துல நிக்கணும் சார். அது பாட்டுக்கு ஓடும். பீஸ் வந்தா எடுத்து வைக்கணும். நைட்டு ஃபுல்லா நிக்கறதுதான் சார் வேலையே."

"டைனமிக்கா ஆள் வேணும்னு போட்டிருந்தாங்களே?"

"அதான் சார் டைனமிக்கு" என்று சிரித்தான். "நிக்கறதுக்குத்தான் ஆளு எடுத்துருக்காங்க."

போன இதழ்க் கட்டுரையாளர் எனக்கு நேரில் பழக்கமில்லாதவர். படித்தவர், உழைப்பாளி என்று எழுத்திலிருந்து தெரிகிறது. அவரிடம் ஒரு வேண்டுகோள். அந்தப் பதினொரு இடங்களையும் எடுத்துக்கொண்டு, டைனமிக் என்ற சொல் இல்லாமல், இயங்கு அல்லது இயக்கு என்று ஏதாவது ஒரு வினையைப் போட்டு, எழுவாயோடும் செயப்படுபொருளோடும் திருப்பி எழுதி அனுப்பட்டும். அதில் ஐந்து வாக்கியம் தேறினால்கூட நான் இந்தக் கட்டுரையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஆசிரியர் அதற்கு இடம் ஒதுக்குவார் என்று நம்புகிறேன்.